கெர்னலுக்கும் டிஸ்குக்கும் நடுவில் இரண்டு நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாசக் கடைசியில், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்த விஷயம் இது. கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்தவள், கம்பெனி சம்மதித்ததால் அப்படியே வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அத்தாவுக்கு (அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை. வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. கம்ப்யூட்டரில் நாம் பார்க்கிற எல்லா புரோகிராமுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு போட்டோவைத் திறந்தால், 'இந்த இடத்தில் இருப்பதைப் படித்துக் கொடு' என்று கெர்னலிடமிருந்து டிஸ்குக்கு ஒரு கோரிக்கை போகும். எதையாவது சேமித்தால், 'இந்த இடத்தில் இதை எழுது' என்று இன்னொரு கோரிக்கை போகும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கோரிக்கை டிஸ்கைத் தொடுவதற்கு முன்னால் நடுவிலேயே பிடிக்க வேண்டும். அதை அப்படியே விடுவதா, வேறு டிஸ்குக்குத் திருப்புவதா, நாமே பதில் சொல்லி அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்கிற நிரலை எழுதுவதுதான் என் வேலை. பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் ஓடும்போதே அவற்றுக்குக் காப்பி எடுக்க இது வேண்டும். அந்த இடத்தில் ஒரு வரி தப்பாக எழுதினால் ஒரு புரோகிராம் மட்டும் நிற்காது. மொத்த மெஷினும் உறைந்துவிடும்.

சொந்தக்காரர்களுக்கு இதை விளக்க முயன்று பல வருஷம் முன்பே கைவிட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் யாராவது, "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற வேலையாம்மா?" என்று கேட்டால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு பிரியாணிப் பந்திக்குப் போய்விடுவேன். அத்தா மட்டும்தான் விடாமல் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டவர். புரிந்துகொண்டதோடு நிற்காமல் கடைக்குப் பக்கெட் வாங்க வருகிறவர்களிடம்கூட, "எம் பொண்ணு டிஸ்குக்கு முன்னாடி நின்னு, உள்ள போறது வர்றது எல்லாத்தையும் புடிச்சிப் பாக்குறா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அன்றைக்கு மதியம், மழை தூறிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"ம்மா, கடைக்கு ஒருத்தங்க வந்துகிறாங்க. மலையிலேர்ந்து கம்ப்யூட்டரைத் தூக்கினு வந்துகிறாங்க. நாலு கடையில காமிச்சிட்டாங்களாம், ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாங்களாம். நா வூட்டுக்குக் கூட்டினு வரேன்."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

வந்த பெண்மணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது இருக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சின்னதாக ஒரு இ-சேவை மையம் நடத்துகிறவர். சி.பி.யு.வை உரச்சாக்கில் போட்டுக் கட்டி, கச்சிராயபாளையம் வழியாக வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கத்தான் அத்தா கடையில் ஏறியிருக்கிறார். அங்கே கவருக்கு அளவு பார்க்கும்போது அத்தா உள்ளே என்ன என்று கேட்க, அவர் சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டாராம்.

எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபோது அவர் அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். மலையில் பழங்குடி மக்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும். அது வாங்க அப்பா அல்லது தாத்தாவின் பழைய சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்று, நிலப் பத்திரம் என்று ஏதாவது ஆதாரம் கேட்பார்கள். ஒழுகுகிற வீட்டில் அவை எத்தனை வருஷம் தாங்கும்? ஒரு மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தின் காகிதமெல்லாம் கூழாகிப் போனதைப் பார்த்த பிறகு, எந்த வேலைக்கு யார் வந்தாலும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு காப்பி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஆரம்பித்திருக்கிறார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. ஏழு வருஷமாக, பதினாலு ஊருக்கும் ஊருக்கு ஒரு ஃபோல்டராகச் சேர்த்தது. அதில் பாதிக் குடும்பங்களிடம் இப்போது அசல் இல்லை. அந்த வருஷம் பிளஸ் டூ முடித்த இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒன்பது நாளில் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு இருந்தது.

"இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமேக்கா" என்றேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களின் வாயில் முதலில் வருவது இதுதான்.

"வெக்கணும் வெக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேங்க" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

டிஸ்கைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் என் மெஷினில் மாட்டினேன். மூன்று நிமிஷம் ஓடியது. அப்புறம் டக், டக், டக் என்று ஒரு சத்தம். திரையில் எல்லாம் நின்றுபோனது. அணைத்து, பத்து நிமிஷம் கழித்துப் போட்டேன். மறுபடியும் அதே கதை.

விஷயம் எனக்குப் புரிந்தது. டிஸ்கில் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தன. அந்த இடத்தைக் கேட்டால் அது திரும்பத் திரும்ப முயன்று, சூடாகி, மயங்கி விழுந்துவிடுகிறது. கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் அதை மாட்டியபோது அவர்களுடைய கம்ப்யூட்டர் சரிசெய்கிறேன் என்று அதிலேயே எதையெதையோ எழுதியும் இருக்கிறது. மொத்த டிஸ்கையும் முதலிலிருந்து கடைசி வரை காப்பி எடுப்பதுதான் வழக்கமான முறை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை மயங்குகிற டிஸ்கில் அதற்கு மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அது உயிரோடு இருக்காது.

ஆனால் இது என் பேட்டை. கெர்னலிலிருந்து டிஸ்குக்குப் போகிற ஒவ்வொரு கோரிக்கையையும் பிடிக்க எனக்குத் தெரியும். எழுதச் சொல்லி வருகிற எதையும் இந்த டிஸ்குக்குப் போகவிடாமல் வேறு டிஸ்குக்குத் திருப்பிவிடலாம். படிக்கச் சொல்லி வருவதில், கெட்ட இடம் என்று தெரிந்ததை டிஸ்கிடம் கேட்காமல் நானே 'இல்லை' என்று சொல்லிவிடலாம். ஒரு முறை படித்துக் கிடைத்ததை உடனே வேறு இடத்தில் வைத்துக்கொண்டால், அதையே மறுபடி கேட்டு டிஸ்கைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வேண்டிய ஃபைல்களை மட்டும் தொட்டு எடுத்துவிடலாம்.

ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். கீழே அம்மா அந்த அக்காவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை அக்கா மாடிப்படியில் நின்று, "மேடம், எந்த ஃபைல் தொறந்தா மெஷின் நிக்கும்னு நா ஒரு நோட்டுல குறிச்சி வெச்சிக்கிறேன். தரட்டுங்களா?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் தேவைப்படாதுக்கா, நானே கண்டுபுடிச்சிடுவேன்" என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் காது சுடுகிறது.

சாயங்காலம் நாலு மணிக்கு நிரல் தயார். ஒரு பென்டிரைவில் சோதித்துப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் ஓடியது. அத்தாவும் அசர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போகாமல், அக்காவோடு வந்து பின்னால் நின்றுகொண்டார். டிஸ்கை மாட்டி ஓட்டினேன். முதல் ஃபோல்டரின் பெயர் திரையில் வந்தது. ஒரு ஃபைலைத் திறந்தேன். வந்தது! ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழ், ஓரம் செல்லரித்தது. அக்கா கையைக் கூப்பிவிட்டு, அம்மாவிடம் சொல்லக் கீழே ஓடினார். இரண்டாவதைத் திறந்தேன்.

டக், டக், டக். அப்புறம் டிஸ்க் சுற்றுகிற சத்தமே நின்றுபோனது. அணைத்துப் போட்டேன், வரவில்லை. வயரை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

என்ன நடந்தது என்று திரையில் பதிவான வரிகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாம் ஒரு ஃபைலைக் கேட்டால், அடுத்து இதைத்தான் கேட்பார்கள் என்று கெர்னல் தானாகவே பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளும். நல்ல டிஸ்குக்கு அதனால் வேகம் கூடும். இந்த டிஸ்க் ஒரு படியே ஏற முடியாத நிலையில் இருந்தது. அதைப் பத்துப் படி ஏறச் சொல்லி நான் விட்டுவிட்டேன். முன்கூட்டிக் கேட்கிற கோரிக்கைகளில் அதற்கான அடையாளம் இருக்கும். பார்த்தவுடனே தள்ளிவிட்டிருக்கலாம், நான்கே வரி. பத்து வருஷமாக இதே வேலை செய்கிறவள் மறந்துவிட்டேன்.

கீழே இறங்கிப் போய் அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. "என் தப்புக்கா. டிஸ்கு இப்ப சுத்தவே மாட்டேங்குது" என்றேன். திட்டுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சூடு ஆறட்டும் மேடம்" என்றார். "எங்கிட்டயும் இப்டித்தான் ரெண்டு தடவ சுத்தமா நின்னுபோச்சி. செத்துடுச்சின்னே நெனச்சேன். ஒரு ரெண்டு மணி நேரம் தொடாம வுட்டேன், வந்துடுச்சி. நிமுத்தி வெச்சா சீக்கிரம் நிக்குது. பட்டையா படுக்க வெச்சி, ஃபேனு காத்து படுற மாரி வெச்சா கொஞ்சம் ஜாஸ்தி நேரம் ஓடும்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டியவர் அவர். அது எப்போது மயங்கும், எப்போது எழும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்னொரு காப்பி ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"அக்கா, அந்த நோட்டைக் குடுங்க" என்றேன்.

சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு ஊர்ப் பெயரின் கீழும் ஃபைல் பெயர்கள். திறந்தால் நின்றுபோனவற்றுக்கு எதிரே பெருக்கல் குறி, மெதுவாக வந்தவற்றுக்குப் புள்ளி. தேதியும் போட்டிருந்தார். எங்கள் கம்பெனியில் இன்ஜினியர்கள் எழுதுகிற கோளாறு அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரே சமயத்தில் ஸ்கேன் செய்தவை பெரும்பாலும் டிஸ்கில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், பெருக்கல் குறி எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் டிஸ்கும் கெட்டிருக்கிறது. எனக்கு வேண்டிய வரைபடம் அந்த நோட்டிலேயே இருந்தது.

அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டதால் அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினார். அம்மா, "நம்ம வூடு மாரி நெனச்சிக்கம்மா" என்று தன் புதுப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் இரவு இஷா பாங்கு சொல்வதற்குள் நிரலைத் திருத்திவிட்டேன். முன்கூட்டிக் கேட்பது எதுவாக இருந்தாலும் உடனே தள்ளு. ஒரு கோரிக்கைக்குப் பிறகு அடுத்ததற்கு மூச்சு விட நேரம் கொடு. நோட்டில் பெருக்கல் குறி போட்ட பக்கம் நான் சொல்லாமல் போகாதே. எழுதி முடித்துவிட்டு, டிஸ்கைத் தொடாமல் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தா கடையிலிருந்து ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தார். டிஸ்கைப் படுக்க வைத்து, ஃபேனைத் திருப்பி வைத்து, பிஸ்மி சொல்லி ஸ்விட்சைப் போட்டேன். சுற்றியது. மாடியில் நாங்கள் நாலு பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம்.

"எந்த ஊரு மொதல்லக்கா?" என்று கேட்டேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனார். இந்த ஊரில் இந்த வருஷம் மூன்று பிள்ளைகள், அதனால் முதலில். அந்த ஊரில் ஒரு பெண், நர்ஸிங் கிடைத்திருக்கிறது, அடுத்தது அது. அப்படியே பதிமூன்று ஊர். "கடேசியா மேல ஊரு" என்றார்.

நான் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டேன். என் நிரல் நடுவில் நின்று ஒவ்வொன்றையும் பிடித்தது. எழுதச் சொன்ன எதுவும் அந்த டிஸ்கைத் தொடவில்லை. வேண்டாததைத் தள்ளியது, கிடைத்ததை அடுத்த நொடியே புது டிஸ்கில் பத்திரப்படுத்தியது. பத்து நிமிஷம் ஓட்டம், இருபது நிமிஷம் ஓய்வு. டிஸ்கின் சூடு ஏறுகிறதா என்று அத்தா அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார், காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. திரையில் ஒவ்வொரு சான்றிதழாக வர வர, அக்கா அது யாருடையது என்று சொல்லுவார். "இவுரு செத்து நாலு வருசம் ஆச்சி. இவுரு பேத்தி இப்ப மார்க்கு நல்லா வாங்கிக்கிது." "இந்தம்மா பத்தாவது வரைக்கும் படிச்சிது, அந்தக் காலத்துல." எனக்கு அதுவரை ஒரு கோரிக்கை என்றால் ஒரு எண், ஒரு நீளம், அவ்வளவுதான்.

மதியம் இரண்டு மணிக்குப் பதிமூன்று ஊரும் முடிந்தது. பதிமூன்று ஃபோல்டரில் நாலு ஃபைல் மட்டும் வரவில்லை. அந்த நாலு குடும்பங்களிலும் அசல் இருக்கிறது என்று அக்கா சொன்னார். மீதி மேல ஊர். நோட்டில் அந்தப் பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி.

அம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில், "ஆமா, உங்களுக்கு அங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"மேல ஊருதாங்க" என்றார் அவர்.

நான் நாற்காலியைத் திருப்பினேன். "உங்க வீட்டுப் பேப்பரும் அதுலதான் இருக்குதாக்கா?"

"ஆமாங்க. எங்க வூட்டுக்காரரு சர்டிபிகேட்டு. பையனும் இந்த வருசந்தான் பிளஸ் டூ முடிச்சான்."

"நேத்தே சொல்லியிருந்தா உங்களுது முதல்ல எடுத்திருப்பேனே!"

"அதான் சொல்லல" என்றார். "மொதல்ல அந்தப் பக்கம் போயி டிஸ்கு நின்னுபோச்சின்னா, மத்த புள்ளைங்க கதி இன்னா ஆவறது? என்னை நம்பித்தான குடுத்தாங்க."

அத்தா ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கடைசி ஃபோல்டருக்காக நிரலை மறுபடியும் மாற்றினேன். இருக்கிறதிலேயே சின்ன அளவாக, துளித்துளியாகக் கேட்பது. முன்னாலிருந்து போனால் முட்டுகிற இடத்தைப் பின்னாலிருந்து வந்து தொட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு துளிக்கும் டிஸ்க் முனகியது. மேல ஊரில் ஐம்பத்து மூன்று ஃபைல். இரண்டு வரும், ஒன்று வராது, மறுபடி ஒன்று வரும். மூன்று முறை மயங்கி, மூன்று முறை எழுந்தது. பதிமூன்று வரவே இல்லை; அவற்றில் அந்த வருஷப் பிள்ளைகளுக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று அக்கா சொன்னார். முப்பத்தொன்பது ஃபைல் முழுசாகக் கிடைத்த பிறகு அவர் வீட்டுக்காரருடைய ஃபைலுக்கு வந்தேன். அதையும் அவர்தான் கடைசியில் வைத்திருந்தார்.

சத்தம் மாறியது எனக்குக் கேட்டது. டிஸ்க் நிற்கப்போகிறது என்று தெரிந்தது. கிடைத்தவரை எடுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதி வந்தது. கடைசியாக ஒரு டக், அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த டிஸ்க் சுற்றவே இல்லை. ஒரு வாரம் தினமும் போட்டுப் பார்த்தேன்.

கிடைத்ததைத் திறந்தேன். படத்தின் மேல் பாதி தெளிவாக இருந்தது, கீழே எல்லாம் சாம்பல் நிறம். கையெழுத்து இல்லை, முத்திரையில் கால்வாசிதான் தெரிந்தது. நான் "பாதிதான்கா வந்திருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். மேல் மூலையில் சான்றிதழ் எண்ணும் தேதியும் பழைய மசியில் இருந்தன.

"நெம்பரு இருக்குது பாருங்க!" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நெம்பரும் தேதியும் இருந்தா போதும் தங்கச்சி. ஆபீசுல பழைய ரெஜிஸ்டர்ல தேடிக் குடுத்துடுவாங்க. எத்தினி பேருக்கு நா எழுதிக் குடுத்துகிறேன்!" உடனே நோட்டை எடுத்து அந்த எண்ணை எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரையோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தார்.

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் தங்கச்சி என்று கூப்பிட்டதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

சாயங்கால பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டோம். கிடைத்ததையெல்லாம் இரண்டு தனி டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன்; ஒன்று மையத்தில், ஒன்று வேறு வீட்டில் வைக்கச் சொல்லி. அத்தா கடையிலிருந்து தண்ணீர் புகாத மூடி போட்ட டப்பா இரண்டு எடுத்துவந்து அவற்றை அதில் வைத்து மூடினார். மூடியை அழுத்திப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, அப்புறம்தான் கையில் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டார் என்று நானும் அத்தாவும் மலைக்குப் போனோம். வடக்கனந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறியது. மையம் ஒரு பத்துக்குப் பத்து அறை. உள்ளே புது டிஸ்க் போட்ட அதே கம்ப்யூட்டர். வெளியே பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். சான்றிதழ் வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். நர்ஸிங் கிடைத்த பெண்ணின் அம்மா தினைமாவு உருண்டை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் அந்த வருஷமே கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் வேறு காரணத்தால் அடுத்த வருஷம் சேர்ந்தான். அக்காவின் மகன் வேளாண்மைப் படிப்புக்குப் போனான். பழைய ரெஜிஸ்டரில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டே நாள்தான் ஆனதாம்.

அங்கே ஒருவர் அத்தாவிடம், "உங்க பொண்ணு இன்னா வேலைங்க பாக்குறாங்க?" என்று கேட்டார். அத்தா எழுந்து நின்று, கெர்னல் என்றால் என்ன, டிஸ்க் என்றால் என்ன, நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த முறை கூச்சமே வரவில்லை. ஓரிடத்தில் அவர் தப்பாகச் சொன்னபோது திருத்தக்கூடச் செய்தேன். அப்போது அக்கா குறுக்கே புகுந்து, "முன்னாடியே கேக்குறதத் தள்ளிவுடணும், அதான் முக்கியம்" என்றார், என்னைவிடத் தெளிவாக. அவர் சொன்னது அத்தனையும் சரி.

எவ்வளவோ பெரிய சர்வர்களுக்கு நான் எழுதிய நிரல் இன்றைக்கும் காவல் நிற்கிறது. அவற்றில் யாருடைய என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு கோரிக்கை என் கைக்கு வந்து, அடுத்து எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும், ஏழு வருஷம் யாரும் கேட்காமலே ஒரு மலைக்குக் காவல் நின்ற அந்தப் பெண்ணோடு இரண்டு நாள் ஒரே வேலை செய்தேன் என்ற பெருமையில் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது.